பிள்ளை யார் பொறுப்பு? சட்டம் நடந்து வந்த பாதை



சென்ற பாடத்தில் பிறப்புச் சான்றிதழ் பற்றிப் பார்த்தோம். இந்த முறை அதைவிடக் கஷ்டமான ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டால் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது? அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறதா?

இதைப் பாடமாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த விஷயத்தில் நாங்களே ஒருமுறை பிழை விட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம்.

நாங்கள் விட்ட பிழை

ஒரு தோட்டத்தில் ஓர் அம்மாயி. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டு வேலைக்குக் குவைத் போய்விட்டார். மருமகன் அதற்கு முன்பே வேறொரு தோட்டத்தில் வேறு குடும்பம் நடத்தப் போய்விட்டார். பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை, எட்டு வயதுப் பையன் இரண்டு பேரையும் நான்கு வருடமாக அம்மாயிதான் பார்த்தார். அந்த நான்கு வருடத்தில் தகப்பன் ஒரு தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பன் வந்து நின்றார். "நான் பெத்தவன். எம் புள்ளைகளக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். லயமே கூடிவிட்டது. அம்மாயி எங்களிடம் ஓடி வந்தார். "ஐயா, குடுக்கணுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார்.

"தகப்பன் வந்து கேட்டால் கொடுக்கத்தானே வேணும் அம்மா, சட்டம் அப்படித்தான்" என்று நாங்கள் சொன்னோம். யோசித்துச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொன்னோம். பிள்ளைகள் ஒரு சாக்குப் பையில் உடுப்பைக் கட்டிக்கொண்டு போனார்கள். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்தது இன்னும் எங்கள் கண்ணில் நிற்கிறது.

இரண்டு மாதம் கழித்து பெண் பிள்ளையிடமிருந்து அம்மாயிக்கு ஒரு துண்டுக் காகிதம் வந்தது. பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் இல்லை. மறுநாள்தான் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று தேடிப்போனோம். தேடியதில் தெரிந்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறோம்.

பழைய சட்டம்: தகப்பன் சொன்னால் சரி

இலங்கையில் எல்லாருக்கும் ஒரே குடும்பச் சட்டம் இல்லை. கண்டியச் சிங்களவருக்கு ஒரு சட்டம், யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை, முஸ்லிம்களுக்கு வேறு சட்டம். மலையகத் தமிழராகிய நமக்குத் தேசவழமை பொருந்தாது. நமக்குப் பொதுச்சட்டம்தான். அந்தப் பொதுச்சட்டத்தின் வேர் ரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் கொண்டுவந்தது. 1796இல் ஆங்கிலேயர் வந்த பிறகும் அதை நீக்கவில்லை. 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அது தொடர்ந்தது.

அந்தச் சட்டத்தில் குடும்பம் என்றால் தகப்பன் தலை, மற்றவர்கள் அவர் கீழ். முறைப்படி கல்யாணம் கட்டிப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனே இயற்கைப் பாதுகாவலர். கல்யாணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்குத் தாய் பாதுகாவலர். பிள்ளையைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் பொறுப்பைச் சட்டத்தில் 'கட்டுக்காப்பு' என்பார்கள். கல்யாணம் நிலைத்திருக்கும்போது புருஷனும் பெண்சாதியும் பிரிந்து வாழ்ந்தால், அந்தக் கட்டுக்காப்பில் தகப்பனுக்கே முதல் உரிமை. பிள்ளையின் உயிருக்கோ சுகத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்று தாய் நிரூபித்தால்தான் நீதிமன்றம் குறுக்கே வரும். 1950களில்கூட நமது உயர்ந்த நீதிமன்றத்தில் இந்த மாதிரித் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆக, நாங்கள் அம்மாயிக்குச் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. பழைய காலத்து உண்மையை இன்றைய பிள்ளைகள் மேல் போட்டுவிட்டோம்.

அந்தக் காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் அதே எண்ணம்தான். பல இடங்களில் பெண் வேர்த்து உழைத்த சம்பளத்தைப் புருஷனோ தகப்பனோ போய்க் கைநீட்டி வாங்கி வருவார். காம்பரா ஆணின் பெயரில். குழந்தை பிள்ளைக்காம்பராவில், தாய் மலையில். ஆனாலும் 'யார் பிள்ளை' என்று கேட்டால் தகப்பன் பெயரைத்தான் சொல்வோம்.

துரைமார் நாட்டிலும் இதே கதைதான்

வெள்ளைக்காரர் நாட்டில் பெண்களுக்கு முன்பிருந்தே உரிமை இருந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இங்கிலாந்தில் கரோலைன் நோர்ட்டன் என்ற எழுத்தாளர் இருந்தார். 1836இல் அவருடைய கணவர் மூன்று ஆண் பிள்ளைகளையும் அவரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார். பிள்ளைகளைப் பார்க்கக்கூட அந்தத் தாய்க்குச் சட்டத்தில் வழி இல்லை. அவர் சும்மா அழுதுகொண்டு இருக்கவில்லை. எழுதினார், பாராளுமன்ற உறுப்பினர்களிடம் பேசினார். 1839இல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தன்னிடம் வைத்திருக்கத் தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்றது. 1873இல் அந்த வயது பதினாறு ஆனது. 1925இல் இன்னொரு சட்டம் வந்து, பிள்ளையின் நலனே முதலாவது, தாய் தகப்பன் உரிமையெல்லாம் அதற்குப் பிறகு என்று சொல்லிவிட்டது. 1989இல் வந்த சட்டத்தில் கட்டுக்காப்பு என்ற சொல்லையே பின்னுக்குத் தள்ளி, பெற்றோரின் 'பொறுப்பு' என்ற சொல்லை முன்னுக்கு வைத்தார்கள்.

இதில் ஒரு பாடம் உண்டு. முதலில் 'தகப்பனுடைய உரிமை' என்றார்கள். பிறகு 'தாய்க்கும் உரிமை' என்றார்கள். கடைசியில் 'உரிமை பிள்ளைக்கு, பெரியவர்களுக்குப் பொறுப்பு' என்று வந்து நின்றார்கள்.

நம் நாட்டில் எப்படி மாறியது?

இங்கே ஒரே நாளில் ஒரே சட்டத்தால் மாறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. குடும்பம் மாறியது, சட்டம் அதன் பின்னால் நடந்து வந்தது.

1984இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. குடும்பத்துக்குச் சோறு போடுவது தகப்பன் மட்டுமே என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது. அதே காலத்தில் பெண்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினார்கள். வீட்டைத் தாங்குவது தாயின் பணம், பிள்ளையைத் தாங்குவது அம்மாயி அல்லது அப்பாயி என்று எத்தனையோ லயங்களில் ஆயிற்று.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை சிறுவர் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டு, 1992இல் சிறுவர் பட்டயம் ஒன்றையும் கொண்டுவந்தது. பிள்ளையைப் பற்றி எந்த முடிவு எடுத்தாலும் பிள்ளையின் நலன் முக்கியமாக இருக்க வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையின் சொல்லையும் கேட்க வேண்டும். பிள்ளை வளர்ப்பில் தாய் தகப்பன் இருவருக்கும் பொறுப்பு. இவையெல்லாம் அந்த உடன்படிக்கையில் உள்ளவை.

நீதிமன்றங்களும் மாறின. 1990களின் கடைசியில் நமது மேன்முறையீட்டு நீதிமன்றம், தகப்பனின் முதல் உரிமை என்பது பிள்ளையின் நலனுக்கு வழிவிட வேண்டும் என்று சொன்னது. தகப்பன் இயற்கைப் பாதுகாவலர் என்ற பழைய விதியை யாரும் அடியோடு அழித்துவிடவில்லை. ஆனால் இன்று கட்டுக்காப்பு வழக்கில் நீதிவான் கேட்கும் முதல் கேள்வி 'யாருக்கு உரிமை?' என்பதல்ல. 'இந்தப் பிள்ளைக்கு எது நல்லது?' என்பதுதான்.

1999இல் புதிய தாபரிப்புச் சட்டம் வந்தது. 1889ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் செலவுக்குப் பணம் கட்டும் கடமை தகப்பனுக்கு மட்டும் இருந்தது. புதிய சட்டத்தில் வசதி உள்ள தாய்க்கும் அந்தக் கடமை உண்டு. கல்யாணம் கட்டிப் பிறந்த பிள்ளை, கட்டாமல் பிறந்த பிள்ளை என்ற பேதம் இல்லை. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அது பாட்டியாக இருந்தாலும், பிள்ளைக்காக நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்கலாம்.

2003இல் இன்னொரு மாற்றம். அதுவரை கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிரஜாவுரிமை தகப்பன் வழியாகத்தான். அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் கிடைக்கும். பிரஜாவுரிமை இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கஷ்டப்பட்ட நமக்கு இதன் அருமை தெரியும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே குடும்பத்தில் பாதிப்பேர் இந்தியாவுக்கும் பாதிப்பேர் இங்கேயுமாகப் பிரிந்ததை நம் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். காகிதத்தில் ஒரு வரி குடும்பத்தையே பிரிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீதிமன்றம் எதையெல்லாம் பார்க்கும்?

பிள்ளைகளுக்கெல்லாம் மேலான பாதுகாவலர் நீதிமன்றம் என்பது பழைய சட்டத்திலேயே உள்ள ஒரு கொள்கை. அந்த அதிகாரத்தோடுதான் நீதிவான் விசாரிக்கிறார். பொதுவாகப் பார்க்கப்படுபவை இவை.

பிள்ளையின் வயது. கைக்குழந்தையையும் சின்னப் பிள்ளையையும் தாயிடமிருந்து பிரிக்க நீதிமன்றம் எளிதில் விரும்பாது.

இதுவரை வளர்த்தவர் யார். வேரூன்றிய செடியைப் பிடுங்கி நட்டால் வாடும் என்பது மலையில் வேலை செய்யும் நமக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம், சுகம், பாதுகாப்பு. குடி, அடிதடி உள்ள வீடா என்பதும் பார்க்கப்படும்.

அண்ணன் தங்கை ஒன்றாக இருக்க முடியுமா என்பது.

பிள்ளையின் விருப்பம். விவரம் தெரிந்த பிள்ளையிடம் நீதிவான் தனியாகப் பேசிக் கேட்பதும் உண்டு.

ஒரு விஷயம் கவனியுங்கள். பணம் அதிகம் உள்ளவருக்கே பிள்ளை என்று சட்டம் சொல்லவில்லை. பணம் குறைந்தவர் பிள்ளையை வைத்திருந்தால், பணம் உள்ளவர் தாபரிப்புக் கட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தச் சட்டம்.

தாய் உயிரோடு இருக்கும்போது, தகப்பன் உயிரோடு இருக்கும்போது, பாட்டியிடம் பிள்ளையைக் கொடுப்பார்களா என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளையின் நலனுக்கு அதுதான் தேவை என்று நீதிமன்றம் கண்டால் கொடுக்க முடியும்.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன நடந்தது?

துண்டுக் காகிதம் கிடைத்த மறுநாள் அம்மாயியைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனோம். அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவர் நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அறிவித்தார். பெண் பிள்ளைக்கு வயது பதின்மூன்று. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். வேலைக்கு அமர்த்தக்கூடிய வயதும் 2021 முதல் பதினாறு. ஆகவே கொழும்புப் பேச்சு உடனே நின்றது.

பிறகு சட்ட உதவி ஆணைக்குழு. வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் சட்டத்தரணியை ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடந்தது. அம்மாயி கையில் என்ன இருந்தது தெரியுமா? பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை, நான்கு வருடப் பள்ளி முன்னேற்ற அறிக்கைகள், குவைத்திலிருந்து மகள் பணம் அனுப்பிய துண்டுகள். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒரு காகிதத்தைக்கூட எறியவில்லை. அந்த டின் அன்று பெரிய சாட்சியாக நின்றது.

நீதிவான் பெண் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தாய் வரும்வரை பிள்ளைகள் அம்மாயியிடம் இருக்க வேண்டும், தகப்பன் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வந்து பார்க்கலாம் என்று கட்டளை வந்தது. செலவுப் பணத்துக்கு நீதவான் நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட்டோம்.

முதல் மூன்று ஞாயிறும் தகப்பன் வரவில்லை. நான்காவது முறை வந்தார். பையில் பனிஸ் வாங்கி வந்து, வாசலிலேயே நின்றார். அம்மாயி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உள்ள வாங்க தம்பி, தேத்தண்ணி குடிங்க" என்றார். வழக்கில் ஜெயித்தது யார் என்று எங்களைக் கேட்டால், அந்தத் தேத்தண்ணியைத்தான் சொல்வோம். பிள்ளைக்குத் தகப்பனும் தேவை. அவர் கெட்டவர் என்று தீர்ப்பு எழுதப்படவில்லை. பிள்ளைகள் எங்கே நன்றாக வளரும் என்றுதான் எழுதப்பட்டது.

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்

1. கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். கோயிலில் தாலி கட்டியது ஊருக்குத் தெரியும். நீதிமன்றத்துக்குத் தெரியாது. பதிவு இல்லாவிட்டால் சாட்சி தேடி அலைய வேண்டும்.

2. வெளிநாடு போகும் தாய்மார்கள் பிள்ளையை யாரிடம் விடுகிறோம் என்பதைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவிட்டுப் போங்கள். சின்னப் பிள்ளை உள்ள தாய்மாருக்கான விதிகள் 2013இல் வந்து, பிறகு மாறியிருக்கின்றன. ஏஜென்சிக்காரர் சொல்வதை நம்பாமல் நேரே விசாரியுங்கள்.

3. 'பிள்ளையை எழுதிக் கொடுத்துவிட்டேன்' என்ற பேச்சு சட்டத்தில் செல்லாது. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது தத்து ஆகாது. 1941ஆம் ஆண்டுத் தத்தெடுத்தல் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும்.

4. பிள்ளையை யாராவது தூக்கிக்கொண்டு போனால் கூட்டமாகப் போய் இழுத்து வராதீர்கள். பிள்ளைதான் நடுவில் நசுங்கும். மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். அவசரமானால் மாகாண மேல் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ ஆட்கொணர்வு மனுவும் போடலாம். எது பொருந்தும் என்று சட்ட உதவி அலுவலகத்தில் சொல்வார்கள்.

5. வீட்டில் அடி உதை இருந்தால் 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம்.

6. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை பதில் சொல்லும்.

7. காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள். ஒரு பிஸ்கட் டின் போதும்.

முடிவாக ஒரு வார்த்தை

'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். காசு விஷயத்துக்குத்தான் அதைச் சொல்வோம். ஆனால் அதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. பிள்ளை தனி ஓர் ஆள். தகப்பன் சொத்தும் அல்ல, தாய் சொத்தும் அல்ல. சட்டம் இருநூறு வருடம் நடந்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நாங்களோ ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் நின்று அதை மறந்துவிட்டோம். அடுத்த முறை உங்களில் யாராவது வந்து கேட்டால், "கொடுக்கத்தானே வேணும்" என்று சொல்ல மாட்டோம். "வாங்க, முதலில் பிள்ளையிடம் பேசுவோம்" என்றுதான் சொல்வோம்.

குழுவாகக் கலந்து பேச

• உங்கள் லயத்தில் தாய் தகப்பன் இல்லாமல் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களின் பிறப்புச் சான்றிதழ் யார் கையில் இருக்கிறது?

• பிரிந்து வாழும் தகப்பன் பிள்ளையைப் பார்க்க வந்தால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்?

• பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பது என்றால், பிள்ளையைத் 'தாயா தகப்பனா' என்று தெரிவு செய்யச் சொல்வதா? வேறு எப்படிக் கேட்கலாம்?